இலவசத் தளங்களில் ஏற்றிய காணொலிகள் நிலைத்திருக்குமா? பயனர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: குடும்ப விழாக்கள், வகுப்பறைப் பாடங்கள், ஊர்க் கூட்டங்கள், நீதிமன்ற விசாரணைகள் என நாட்டின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்யும் ஏராளமான காணொலிகள் இன்று கட்டணமில்லா இணையத் தளங்களில் சேமிக்கப்படுகின்றன. பதிவேற்றம் முடிந்ததும், இடம் போதவில்லை என்று கைப்பேசியில் உள்ள மூலக் கோப்பை நீக்கிவிடுவோரும் உண்டு. ஆனால், இத்தளங்கள் காணொலியைப் பரப்பும் மேடைகளே தவிர, அதனைக் காலமெல்லாம் காத்து வைக்கும் ஆவணக் காப்பகங்கள் அல்ல என்பதைக் கடந்த 20 ஆண்டுகால நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

மூடப்பட்ட தளங்கள்

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு 'கூகுள் வீடியோ'. 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இச்சேவை, மறு ஆண்டே யூடியூப் நிறுவனத்தை 165 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியதை அடுத்து முக்கியத்துவம் இழந்தது. 2009-இல் புதிய பதிவேற்றங்கள் நிறுத்தப்பட்டன. 2011 ஏப்ரல் 29-க்குப் பிறகு எந்தக் காணொலியையும் பார்க்க இயலாது என்றும், தேவைப்படுவோர் தரவிறக்கம் செய்துகொள்ளலாம் என்றும் அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அம்முடிவைத் தளர்த்திய நிறுவனம், காணொலிகளை யூடியூபுக்கு மாற்றும் வசதியை அளித்தது. 2012 ஆகஸ்டில் அத்தளம் முற்றிலுமாக மூடப்பட்டது.

ஆறு விநாடிக் காணொலிகளால் புகழ்பெற்ற 'வைன்' தளம் 2013-இல் அறிமுகமானது. மூன்றே ஆண்டுகளில், 2016 அக்டோபரில், அதனை நிறுத்தப்போவதாக உரிமையாளரான ட்விட்டர் அறிவித்தது. இணையத் தொடர்களுக்கு இடமளித்த 'பிளிப்' தளம் 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. மூன்று தளங்களும் வெவ்வேறு காலங்களில் மறைந்தாலும், இழப்பு ஒரே வகையினது: பதிவேற்றியவர் கையில் வேறு நகல் இல்லையெனில், தளத்துடன் காணொலியும் மறைந்துவிடும்.

தளம் இயங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கான வழி அடைபடக்கூடும். 2020 ஜூன் 29-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த சில நாள்களில், கோடிக்கணக்கான இந்தியப் பயனர்கள் தங்கள் காணொலிகளையும் பின்தொடர்வோரையும் எட்ட முடியாத நிலை ஏற்பட்டது.

விதிகள் மாறும்போது

தளம் தொடர்ந்தாலும் அதன் விதிகள் மாறாமல் இருப்பதில்லை. பேஸ்புக்கில் ஒளிபரப்பாகும் நேரலைகள் இனி 30 நாள்கள் மட்டுமே சேமிக்கப்படும் என மெட்டா நிறுவனம் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. பழைய நேரலைகளைத் தரவிறக்கம் செய்துகொள்ளப் பயனர்களுக்கு 90 நாள் அவகாசம் வழங்கப்பட்டது. அதே மாதத்தில், விளையாட்டு நேரலைத் தளமான ட்விட்ச், ஒவ்வொரு பயனரும் தொகுத்து வைக்கும் காணொலிகளுக்கு 100 மணி நேர வரம்பு விதிக்கப்படும் என அறிவித்தது.

முன்னதாக, 2017-க்கு முன் பதிவேற்றப்பட்டு, இணைப்பு வைத்திருப்போர் மட்டும் பார்க்கும்படி விடப்பட்டிருந்த காணொலிகளை 2021 ஜூலையில் யூடியூப் தனிப்பட்டவையாக மாற்றியது. உரிமையாளர்கள் உரிய காலத்தில் மறுப்புத் தெரிவிக்காத நிலையில், அவர்கள் பிறருக்கு அளித்திருந்த பழைய இணைப்புகள் செயலிழந்தன.

தானியங்கி நீக்கம்

விதிமீறல்களைக் கண்டறியப் பெருந்தளங்கள் தானியங்கி மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. தீவிரவாத உள்ளடக்கத்தை அகற்றும் நோக்கில் 2017-இல் யூடியூப் மேற்கொண்ட நடவடிக்கையின்போது, சிரியப் போரின் கொடுமைகளை ஆவணப்படுத்திய காணொலிகளும் நீக்கப்பட்டன. ஆர்வலர்களின் முறையீட்டுக்குப் பின் அவற்றில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. பதிப்புரிமைப் புகார்களைப் பொறுத்தவரை, 90 நாள்களுக்குள் மூன்று எச்சரிக்கைகளைப் பெறும் யூடியூப் கணக்கு, அதிலுள்ள அனைத்துக் காணொலிகளுடன் நீக்கப்படலாம்.

உச்ச நீதிமன்றத்தின் அனுபவம்

அரசமைப்புச் சட்ட அமர்வின் விசாரணைகளை 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்றம் யூடியூப் வழியே நேரலை செய்து வருகிறது. நீதிமன்றப் பதிவுகளின் பதிப்புரிமை தனியார் தளத்திடம் செல்லாமல் காக்கப்பட வேண்டும் என்று கோரி கே.என். கோவிந்தாச்சார்யா மனு தாக்கல் செய்தார். இது தொடக்க நிலை என்றும், நீதிமன்றம் தனக்கென ஒரு தளத்தை உருவாக்கும் என்றும் அப்போதைய தலைமை நீதிபதி யு.யு. லலித் தெரிவித்தார்.

2024 செப்டம்பர் 20-ஆம் தேதி அந்த யூடியூப் பக்கமே ஊடுருவப்பட்டு, மெய்நிகர் நாணயம் தொடர்பான காணொலி அதில் ஒளிபரப்பானது. பின்னர் அப்பக்கம் மீட்கப்பட்டது. நாட்டின் உயரிய நீதிமன்றத்தின் கணக்குக்கே இந்நிலை ஏற்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இலவசம் என்பதன் பொருள்

காணொலிகளைச் சேமிக்கவும் ஒளிபரப்பவும் தொடர்ந்து செலவாகிறது. விளம்பர வருவாயே அதனை ஈடு செய்கிறது. சிலரே பார்க்கும் குடும்ப விழாக் காணொலியோ, சிற்றூர் ஆசிரியரின் பாடமோ நிறுவனத்துக்கு வருவாய் ஈட்டித் தருவதில்லை. எனவே, செலவைக் குறைக்கும் முடிவுகள் எடுக்கப்படும்போது அவற்றுக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. பதிவேற்றியவருக்கே உள்ளடக்கத்தின் உரிமை உண்டு என்று கூறும் யூடியூபின் சேவை விதிமுறைகள், அதனைத் தொடர்ந்து வழங்கும் கடமை தங்களுக்கு இல்லை என்றும் குறிப்பிடுகின்றன.

பயனர்கள் செய்யக்கூடியவை

* மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. பதிவேற்றும்போது தளங்கள் காணொலியைச் சுருக்கிவிடுவதால், திரும்பத் தரவிறக்கும் நகல் மூலத்துக்கு இணையாக இருக்கும் என்று நம்ப முடியாது.

* மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றில் ஒரு நகல் வேறோர் இடத்தில் என்பது தரவுப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் நெறியாகும். ஹார்டு டிஸ்க்கும் பழுதடையும் என்பதால், ஒன்றை மட்டும் நம்பியிருப்பது போதாது.

* மூலக் கோப்பு ஏற்கெனவே தொலைந்திருந்தால், 'கூகுள் டேக்அவுட்' சேவை மூலம் யூடியூபில் உள்ள தங்கள் காணொலிகளை மொத்தமாகப் பெறலாம்.

* கணக்குக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். மீட்பதற்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பயன்பாட்டில் உள்ளவையா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

* பள்ளிகளும் சங்கங்களும் தனி ஒருவரின் கணக்கில் காணொலிகளை ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. அவர் பணி மாறினாலோ மறைந்தாலோ நிறுவனத்தின் பதிவுகளும் கைவிட்டுப் போகக்கூடும்.

* தளம் அனுப்பும் விதிமாற்ற அறிவிப்புகளைப் புறக்கணிக்கக் கூடாது. மேற்கண்ட நிகழ்வுகள் பலவற்றில் முன்னறிவிப்பும் அவகாசமும் வழங்கப்பட்டன. அதனைப் படித்தவர்களால் தங்கள் காணொலிகளைக் காத்துக்கொள்ள முடிந்தது.

இலவசத் தளங்களின் பயனை எவரும் மறுக்க இயலாது. சிற்றூரில் எடுத்த காணொலியை உலகின் மறுமுனையில் உள்ளவரும் செலவின்றிப் பார்க்க அவை வழி செய்துள்ளன. எனினும், ஒரே ஒரு நகலை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு இருப்பது பாதுகாப்பானதல்ல.