ஒட்டுண்ணிப் புழுக்களின் இரசாயன ஆராய்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

புத்தூர் நிலாவரைக் கேணியின் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீரோ உவர்நீர். ஆதலின், அக்கேணி நீரில் உப்பு எவ்வளவு என வினவுவார்க்கு, எவ்வாழத்தில் மொண்டது என்பதை உரையாது விடைகூறல் இயலாது. புழுக்களின் உடலிலுள்ள பொருள்களை அளந்த அறிஞரும் இத்தகைய உண்மையொன்றைப் படிப்படியாகவே உணர்ந்தனர்.

பன்றியின் குடலில் வாழும் வட்டப்புழுவை ஆராய்ந்த செருமானியரான வைன்லாண்டு, உணவின்றி வைத்த 100 கிராம் புழுக்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 0.7 கிராம் கிளைக்கோசனைச் செலவிடுகின்றன என்றும், அதனின்று கரியமிலவாயுவும் வலேரிக்கமிலமும் தோன்றுகின்றன என்றும் 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிராணவாயுவின் துணையின்றி விலங்கொன்று வாழும் வகையை விளக்கிய பெருமை இவ்வாராய்ச்சிக்குண்டு. ஆயின் இதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கிக் கிடந்தது. இப்புழுவின் பச்சை நிறையில் கிளைக்கோசன் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரையே. கொல்களத்திலிருந்து கொணர்ந்த புழுவை மறுநாட் பகுத்தவர், அதன் சேமிப்பிற் பத்திலொரு பங்கை அளவாமலே இழந்தவராவர்.

அமிலத்தை ஆக்கியது புழுவோ, அதனோடு ஒட்டிவந்த பற்றீரியாவோ என்னும் ஐயமும் நெடுங்காலம் நீடித்தது. பற்றீரியா நீக்கிய புழுக்களைக்கொண்டு பியூடிங்கும் யேலும் 1951இல் நடத்திய சோதனையே புழுவின் பக்கம் தீர்ப்பளித்தது.

புழுவை எந்நீரில் வைப்பது என்பதும் சிறுவினாவன்று. சூழ்திரவத்தின் செறிவு மாற, வட்டப்புழுவின் உடற்றிரவமும் மாறுதலை ஹொப்சன் முதலியோர் 1952இற் காட்டினர். நீரேறிப் பருத்த புழுவிற் பொருளின் நூற்றுவீதம் குறையும். நீரிழந்து சுருங்கியதிற் கூடும். பொருளோ உள்ளபடியே உளது. இதனாற்போலும், கடல்நீரை 30 வீதமாக ஐதாக்கிப் பயன்படுத்தும் வழக்கம் எழுந்தது.

இலங்கையரும் இத்துறையிற் பின்னின்றாரல்லர். பின்னாளிற் பேராதனையில் விலங்கியற் பேராசிரியராயிருந்த ஹிலரி குரூஸ், நாடாப்புழுக் குடம்பையின் கொளுக்கிகளது இரசாயனத் தன்மையைப் பற்றி 1947இல் எழுதினார். இத்தகைய உறுப்பு கைற்றினா, புரதமா என அறியக் கொதிகாரத்திலிடுதல் பழைய முறை. கைற்றின் நிற்கும், புரதம் கரையும்.

அங்கே உதவிய காரம் கிளைக்கோசனிடத்து ஊறு செய்தது. 19ஆம் நூற்றாண்டு முதலே திசுவைக் கொதிகாரத்திற் கரைத்துக் கிளைக்கோசனைப் பிரித்துவந்தனர். மொத்த அளவை அறிய அது போதும். ஆனால் அதன் பெருமூலக்கூறுகள் அக்காரத்தில் உடைந்து சிறுக்கின்றன என்பதை ஒரெலும் பியூடிங்கும் 1964இல் தெளிவுறுத்தினர். மென்மையான முறையாற் பிரித்த துணிக்கைகள் மிகப் பெரியனவாயிருந்தன. முன்னையோர் விலங்கின் பொருளென அளந்த சிறு மூலக்கூறுகள் பல, கொதிகாரத்தின் கைவேலையே.