ஒரே பெயர், வேறு ஊர்

தமிழ்நாடு காங்கிரஸின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும் ஓரிடத்தில் தடுமாற நேரும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தவர் கே. ராமமூர்த்தி. அதே பத்தாண்டின் இறுதியில் அதே பதவியில் இருந்தவரும் கே. ராமமூர்த்தி. பெயர் ஒன்று, தலைப்பெழுத்து ஒன்று, கட்சி ஒன்று, வகித்த பதவியும் ஒன்று. ஆள் மட்டும் வேறு. முன்னவர் சேலம் மாவட்டத்து வாழப்பாடியைச் சேர்ந்தவர், பின்னவர் திண்டிவனத்துக்காரர்.

1980களின் பிற்பகுதியில் இருவரும் ஒரே காலத்தில் நாடாளுமன்றத்திலும் இருந்தனர். வாழப்பாடியார் கிருஷ்ணகிரித் தொகுதியின் சார்பில் மக்களவையில் இருந்தார். திண்டிவனத்தார் 1984 முதல் 1990 வரை மாநிலங்களவை உறுப்பினர். அதன் பிறகு இருவரின் பாதைகளும் பிரிந்தன. வாழப்பாடியார் 1991இல் நரசிம்மராவ் அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை இணையமைச்சராகி, காவிரிப் பிரச்சினையை முன்னிட்டுப் பதவி விலகினார். பின்னர் காங்கிரஸை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டு, 1998இல் சேலத்தில் வென்று, வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலியத் துறை அமைச்சரானார். 2002இல் மறைந்தார். அவர் வாஜ்பாய் அரசில் அமைச்சராக இருந்த நாள்களில், வாஜ்பாயை எதிர்த்த காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் தலைமை தாங்கியவர் திண்டிவனத்தார். அவர் 2021இல் காலமானார்.

இனி ஒரு கேள்வி. 'காவிரிக்காகப் பதவி துறந்தவர் கே. ராமமூர்த்தி' என்று மட்டும் ஒரு குறிப்பு எஞ்சியிருக்குமானால், நூறாண்டு கழித்து அதைப் படிப்பவர் அந்தச் செயலை யார் கணக்கில் எழுதுவார்? ஒருவர் துறந்த பதவியின் பெருமை இன்னொருவருக்குப் போகும். ஒருவர் கட்சி மாறியதற்கான விமர்சனம் மற்றவர் மீது விழும். இவ்விபத்து இதுவரை நேராதிருக்கக் காரணம், நம் மக்கள் பெயருக்கு முன்னே வைத்த ஊர்தான். 'வாழப்பாடி', 'திண்டிவனம்' என்ற இரண்டு சொற்கள் இரண்டு வாழ்க்கைகளை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காத்து வந்திருக்கின்றன.

திண்டிவனத்திற்கு இது ஒருமுறை மட்டும் வாய்த்த பணியன்று. 1996இல் திண்டிவனம் தொகுதியிலிருந்து திமுக சார்பில் மக்களவைக்குச் சென்று, மத்தியில் தரைவழிப் போக்குவரத்துத் துறை அமைச்சரானவர் ஜி. வெங்கட்ராமன். அவர் தில்லி சென்றபோது, குடியரசுத் தலைவராயிருந்து 1992இல் ஓய்வு பெற்ற ஆர். வெங்கட்ராமனின் பெயர் யாவருக்கும் பழக்கமாயிருந்தது. இவரை நாம் 'திண்டிவனம் வெங்கட்ராமன்' என்றோம். ஆங்கில ஏடுகள் 'டி.ஜி. வெங்கட்ராமன்' என்றன. ஊர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. திண்டிவனம் மக்களவைத் தொகுதியும் 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் நீங்கி, 2009 முதல் விழுப்புரம் தொகுதி நடைமுறைக்கு வந்தது. தொகுதி வரைபடத்திலிருந்து போய்விட்ட ஊர், இரண்டு மனிதர்களின் பெயர்களில் மட்டும் நிலைத்து நிற்கிறது.

இந்த வழக்கம் நம் அரசியலில் இத்துணை வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் 'ராமசாமி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு ராமசாமி. திருவிதாங்கூரில் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி; நீதிக்கட்சியில் புகழ்பெற்று, 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரான ஆற்காடு ராமசாமி. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மட்டும் இருவர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்து 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் ஒருவர். உழைப்பாளர் கட்சியை நடத்தி, 1954இல் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்ற எஸ்.எஸ். ராமசாமி மற்றவர். அக்காலத்தார் இந்த ஐவரையும் குழப்பிக்கொள்ளவில்லை. நாயக்கர், ஐயர், முதலியார், ரெட்டியார், படையாட்சியார் என்று சாதிப் பின்னொட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் காட்டியது.

பெயரை அடையாளம் காட்டிய அந்தப் பின்னொட்டே பிறப்பின் உயர்வு தாழ்வையும் காட்டியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானித்தது. ஈரோட்டு ராமசாமி தம் பெயரிலிருந்த பட்டத்தை நீக்கினார். அடுத்தடுத்த தலைமுறைகளில் அது தமிழ்நாட்டின் பொது வழக்கமாகவே ஆயிற்று. இந்தியாவின் வேறு பகுதிகளில் இந்த அளவுக்கு நடவாத காரியம் இது. ஆனால் பின்னொட்டு போனதும் பெயர்கள் மொட்டையாயின. ராமசாமிகளும் ராமமூர்த்திகளும் கணேசன்களும் ஒரே கூட்டத்தில் ஒருவர் போல் ஒருவராய் நின்றனர். அப்போது பழைய பின்னொட்டின் வேலையைச் செய்ய முன்வந்தது ஊர். சாதியைச் சொல்லாமலே ஆளைச் சொல்ல முடியும் என்பதைத் திண்டிவனமும் வாழப்பாடியும் மெய்ப்பித்தன. ஓமந்தூராரின் கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அவரைப் பொறுத்தவரை பட்டம் மட்டுமன்றி இயற்பெயரும் மறைந்து ஊரே பெயராகிவிட்டது. சென்னையில் அவர் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனைக்குச் செல்வோரில் எத்தனை பேர் 'ராமசாமி' என்ற பெயரை அறிவர்?

ஊரைப் போலவே தொழிலும் பெயரைப் பிரித்துக் காட்டும். அதற்குச் சான்று விழுப்புரத்திலேயே உண்டு. வி.சி. கணேசன் என்ற பெயரில் உள்ள 'வி', விழுப்புரம். 1928இல் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்த அந்தக் கணேசன், அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் ஏற்ற வேடத்தால் 'சிவாஜி' ஆனார்; அவ்வாறு அழைத்தவர் பெரியார். மற்றொரு கணேசன் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவிட்டு, ஜெமினி ஸ்டுடியோவில் பணிக்குச் சேர்ந்தவர். அவரது இயற்பெயர் ராமசாமி கணேசன். ஒருவருக்கு வேடமும் மற்றவருக்கு வேலை பார்த்த நிறுவனமும் முன்னொட்டாயின. 'பாசமலர்', 'பார்த்தால் பசி தீரும்' ஆகிய படங்களில் இருவரும் சேர்ந்து நடித்தபோதும் ரசிகர்களுக்கு ஐயம் எழவில்லை. விழுப்புரம் அந்தப் பெயரில் ஓர் எழுத்தாக ஒதுங்கி நிற்கிறது. 'வி' எதைக் குறிக்கிறது என்று கேட்டால் இன்று பலரும் விழிப்பர்.

இவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டியதில்லை. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர் இதே சிக்கலைச் சந்தித்து, இதே வழியில் தீர்த்திருக்கின்றனர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். புறநானூற்றில் தாமோதரனார் இருவர். ஒருவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார்; மற்றவர் வடம வண்ணக்கன் தாமோதரனார், அதாவது நாணயம் நோட்டம் பார்ப்பவர். இருவரும் பாடிய தலைவன் ஒருவனே: பிட்டங்கொற்றன். ஒரே கட்சியில் இரண்டு ராமமூர்த்திகள் இருந்ததைப் போல, ஒரே புரவலனிடம் இரண்டு தாமோதரனார்கள். 'மருத்துவன்', 'வண்ணக்கன்' என்ற இரு சொற்களை ஏடெழுதியவர் சோம்பலால் விட்டிருந்தால், நம் இலக்கிய வரலாற்றில் ஒரு புலவர் குறைந்திருப்பார்.

அவ்வாறு ஒருவர் குறைந்துபோவது கற்பனை அன்று. விழுப்புரத்திற்குத் தெற்கே, உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த சேந்தமங்கலம், காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனின் கோட்டை இருந்த ஊர். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சோழன் மூன்றாம் இராசராசனை இங்கே சிறைவைத்ததையும், போசள வீர நரசிம்மனின் தண்டநாயகர்கள் வந்து மீட்டதையும் 1231ஆம் ஆண்டு நிகழ்வாகத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு கூறுகிறது. கோப்பெருஞ்சிங்கன் பெயரிலான கல்வெட்டுகளோ 1243இல் தொடங்கும் ஆட்சியாண்டுகளைச் சொல்லி 1279 வரை நீளுகின்றன. தொடக்கத்தில் இவை யாவும் ஒரே மன்னனுடையவை என்று கருதப்பட்டது. ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னரே, தந்தையும் மகனுமாக ஒரே பெயரில் இருவர் என்று ஆய்வாளர் பிரித்தனர். அதுவரை, சோழனைச் சிறைப்பிடித்தவனும் அவனுக்குப்பின் முப்பத்தாறாண்டு ஆண்டவனும் ஓருடலில் வாழ்ந்துகொண்டிருந்தனர். கல்லில் பெயர் இருந்தது. பெயரைப் பிரித்துக் காட்டும் சொல் இல்லை. அவ்வளவே குறை.

சட்டமும் இச்சிக்கலை அறியும். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள், வேட்பாளர் இருவர் ஒரே பெயர் கொண்டிருந்தால் அவர்களின் தொழிலையோ வசிப்பிடத்தையோ சேர்த்தோ, வேறு வகையிலோ வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்கின்றன. தொழில் அல்லது ஊர்! புறநானூற்றைத் தொகுத்தவர் கையாண்ட அதே இரண்டு கருவிகள். பெயரொற்றுமையைச் சூழ்ச்சியாகப் பயன்படுத்துவோர் பெருகியதால், 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் புகைப்படமும் இடம்பெறுகிறது. இருந்தும் 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் போட்டியிட்டபோது, அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட மேலும் ஐவர் களத்தில் இருந்தனர். அவர் இரண்டாமிடம் பெற்றார்.

இன்றைய ஆவணங்கள் பெரும்பாலும் கணினியில் உள்ளவை. அவற்றின் படிவங்கள் 'பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களைத் தருகின்றன. ஊருக்கு அங்கே இடமில்லை. தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் எழுதுவதால் மேலும் ஓர் இழப்பு. ஆங்கிலத்தின் ஒரே 'கே' என்ற எழுத்துக்குள் கண்ணனும் கிருஷ்ணனும் குமரனும் அடங்கிவிடுகின்றனர். தமிழில் எழுதினால் க, கி, கு என்று மூவரும் வேறாகத் தெரிவர். முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையை மொழிப்பற்றின் வெளிப்பாடாகவே பலரும் கண்டனர். ஆளைப் பிரித்தறியும் பயனும் அதில் உண்டு என்பது நம் கருத்து.

ஆகவே ஒரு பெயரை ஆவணத்தில் கண்டதும் அவர்தாம் இவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. எந்த ஊர், என்ன தொழில், யார் மகன், எந்த ஆண்டு என்ற நான்கையும் கேட்டுப் பார்க்கவேண்டும். இவற்றில் ஒன்றேனும் முரண்பட்டால் நம் முன் இருப்பவர் இருவர் என்று ஐயுறவேண்டும். எழுதுவோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வீட்டு ஆவணங்களிலும், ஊர் வரலாறுகளிலும், இரங்கற் குறிப்புகளிலும் பெயரோடு ஊரையும் தொழிலையும் சேர்த்தே எழுதி வைப்போம். பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்க வேண்டாம் என்று நம் முன்னோர் எடுத்த முடிவு காக்கப்பட வேண்டியது. அதற்கான விலை, பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை மறவாமல் எழுதுவது மட்டுமே.