பள்ளிச் சீரமைப்பு மாநாடு

அரசுப் பணத்தை மட்டும் எதிர்பார்க்காமல், பள்ளிக்கு வேண்டியதை ஊராரே திரட்டித் தருவதற்காகச் சென்னை மாநிலத்தில் நடந்த இயக்கம். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கியது.

நடைமுறை எளியது. பள்ளியில் என்னென்ன இல்லை என்று ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் பட்டியல் போடுவார்கள்: கரும்பலகை, பெஞ்சு, குடிநீர்ப் பானை, சுவருக்கு வெள்ளையடிப்பு, ஏழைப் பிள்ளைக்கு ஒரு சட்டை. ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். கொடுத்தவர் பெயர் மேடையில் ஊரறிய வாசிக்கப்படும். வசூல் சூடுபிடித்ததில் அதற்கும் பங்குண்டு.

மதிய உணவும் இப்படித்தான் வேரூன்றியது. 1956இல் ஊரார் கொடையில் தொடங்கிய திட்டத்துக்குப் பின்னர் அரசு மானியம் வந்தது. எஞ்சிய செலவை ஊர் ஏற்றது. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவழைத்ததில், பெஞ்சைவிடச் சோற்றுக்கே பங்கு அதிகம் எனலாம்.

குறையும் இருந்தது. கொடையாளர் உள்ள ஊருக்குக் கிடைத்தது, கூலிக்குடும்பங்களே நிறைந்த ஊருக்கு எளிதில் கிடைக்கவில்லை. வசூல் வேலை பெரும்பாலும் ஆசிரியர் தலையில் விழுந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபின், பள்ளிச் சோற்றுக்கு ஊர்க் கொடையை நம்பியிருக்கும் நிலை மாறியது.