மார்ஷல் வீட்டுப் பெண்கள், தொண்டமான் வீட்டு ஆண்கள்

பூண்டுலோயா டவுனைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: டன்சினன், சீன், ஹெரோ. எல்லாம் வெள்ளைத் துரைமார் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட பெயர்கள். டன்சினன் ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மக்பெத் சாவது அங்கேதான். உண்மையான மக்பெத் மன்னன் 1057இல் வேறோர் இடத்தில் கொல்லப்பட்டான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1052இல், இங்கிலாந்திலிருந்து விரட்டப்பட்ட சில நோர்மன் வீரர்களுக்கு அவன் அடைக்கலம் கொடுத்திருந்தான். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தையே பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு பேசிக்கொண்டு, கடலின் இரு கரையிலும் நிலம் வைத்துக்கொண்டு வாழ்ந்த இந்தப் பிரபுக்களைத்தான் ஆங்கிலோ-நோர்மன் என்கிறோம்.

அவர்களில் ஒருவரையும் நம் இலங்கை மலைநாட்டுத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குப் பல நாளாக எண்ணம். ஒருவர் வில்லியம் மார்ஷல், இறந்தது 1219இல். மற்றவர் பூண்டுலோயாவுக்கு அயலிலுள்ள றம்பொடை வெவண்டன் தோட்டத்துச் சௌமியமூர்த்தி தொண்டமான், இறந்தது 1999இல். இடையில் 780 ஆண்டுகள். ஆனாலும் ஒரு குடும்பம் எப்படி எழும்புகிறது, அதன் கதையை யார் எழுதுகிறார்கள், எந்த வழியாக அது தொடர்கிறது என்ற மூன்று கேள்விகளை இருவரிடமும் கேட்கலாம். விடைகள் எனக்கு நம் சனங்களின் கதையையே வேறு விதமாகக் காட்டின.

மார்ஷல் என்பது முதலில் ஒரு வேலையின் பெயர். பழைய ஜெர்மானிய மொழியில் குதிரை பார்க்கும் பணியாள் என்று பொருள். வில்லியத்தின் பாட்டன் கில்பர்ட், முதலாம் ஹென்றியின் அரண்மனையில் அந்தப் பதவியில் இருந்தார். வேலையே குடும்பப் பெயரானது. கில்பர்ட்டுக்கு மேலே அந்த வம்சத்தைத் தொடர உறுதியான ஏடு கிடையாது. வில்லியம் 1147ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தை ஜோனுக்கு நான்காவது மகன், ஆகவே நிலத்தில் பங்கு எதிர்பார்க்க முடியாதவர். 1152இல் நியூபரி முற்றுகையின்போது ஸ்டீபன் மன்னனிடம் பிணையாகக் கொடுக்கப்பட்டார். பிள்ளையைத் தூக்கில் போடுவேன் என்று மன்னன் மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்யத் தன்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன என்று தகப்பன் பதில் அனுப்பியதாகக் கதை. மன்னன் இரங்கியதால் பிள்ளை பிழைத்தது. பிறகு நோர்மண்டிக்குப் போய் ஈட்டியும் குதிரையுமாகப் பந்தயப் போர்களில் வென்று பெயரெடுத்தார்.

தொண்டமானின் தகப்பனார் கருப்பையாவும் வெறுங்கையோடு கடல் கடந்தவர்தான். தோட்டத்தில் உழைத்து, பெரியாங்கங்காணியாகி, கடைசியில் வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். மகன் 1913இல் தமிழ்நாட்டு முனாப்புதூரில் பிறந்து, சிறுவனாக இங்கே வந்து, கம்பளையில் படித்தார். பெயர் மட்டும் எதிர்த்திசையில் வந்தது. மார்ஷல் குதிரை லாயத்திலிருந்து மேலே ஏறிய பெயர். தொண்டைமான் புதுக்கோட்டை மன்னர்களின் பட்டம், லயங்களின் நடுவே இறங்கி வந்தது.

பெரியாங்கங்காணியை அறியாதவர்களுக்கு ஒரு நோர்மன் பிரபுவை விளக்குவது கடினம், அறிந்தவர்களுக்குச் சுலபம். பிரபு தன் வீரர்களோடு மன்னனிடம் வருவான், மன்னன் நிலம் கொடுப்பான். கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு துரையிடம் வருவார், பெரட்டில் நிற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்குவார். வீரனைப் பிரபுவோடு கட்டியது மண்டியிட்டுச் செய்த சத்தியம். தொழிலாளியைக் கங்காணியோடு கட்டியது கடன். கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் குடும்பங்களையே கைமாற்றியது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. இந்த இடத்தில் என் ஒப்பீடு சமமாக நிற்பதில்லை. சத்தியம் செய்தவன் ஆயுதம் தரித்தவன். கடன்பட்டவள் கையில் கூடை மட்டுமே இருந்தது.

அரசியலில் இருவரும் வியப்பூட்டும் அளவு ஒத்துப் போகிறார்கள். மார்ஷல் இளைய ஹென்றி, இரண்டாம் ஹென்றி, ரிச்சர்ட், ஜோன், மூன்றாம் ஹென்றி என ஐந்து முடிகளுக்குப் பணி செய்தார். தொண்டமான் 1978இல் அமைச்சராகி, ஜெயவர்தன, பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என நான்கு ஜனாதிபதிகளின் கீழ், இடையில் அணி மாறி, சாகும்வரை அமைச்சராகவே இருந்தார். சந்தர்ப்பவாதம் என்ற சொல் இருவர் மீதும் வீசப்பட்டது. நான் அதை ஏற்கவில்லை. மார்ஷல் தன் எழுபதாவது வயதில் ஒன்பது வயதுப் பிள்ளையரசனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஜோன் கைவிட்ட மகா சாசனத்தை (மக்னா கார்ட்டா) 1216இலும் 1217இலும் திருத்தி மீண்டும் வெளியிட்டார். 1217 மே மாதம் லிங்கனில் தானே குதிரையேறிப் போரிட்டார். தொண்டமான் 1986 ஜனவரியில், வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்யுங்கள் என்று தோட்டங்களை அழைத்தார். நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. உள்ளே இருந்துகொண்டே பேரம் பேசியவர்கள் இருவரும். 1976இல் தமிழ்க் கட்சிகளின் தனிநாட்டுத் தீர்மானத்தோடு போகாமல் விலகி நின்றதற்காகத் தொண்டமானை இன்னும் குறை சொல்கிறார்கள். வாக்கே இல்லாத இலட்சக்கணக்கானோரை வடக்கு கிழக்குக்கு வெளியே வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கதை எழுதப்பட்ட விதம் அடுத்தது. மார்ஷல் இறந்ததும் அவருடைய மூத்த மகன் ஒரு கவிஞனை அமர்த்தித் தந்தையின் வாழ்வைப் பிரெஞ்சுப் பாட்டாக எழுதுவித்தான். 19,000க்கும் மேற்பட்ட அடிகள். அரசரல்லாத ஒருவருக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு நீண்ட வாழ்க்கை வரலாறு கிடைத்ததே அபூர்வம். அது நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்து, போல் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞரின் இருபதாண்டுத் தேடலுக்குப் பிறகு 1881இல் கைக்குக் கிடைத்தது. தொண்டமானோ யாருக்கும் காத்திராமல் தன் வரலாற்றைத் தானே எழுதினார். அதன் பெயரிலேயே தேயிலையும் அரசியலும் உண்டு. இரண்டிலும் நாயகனின் பக்க நியாயம்தான் பேசுகிறது. அதில் தவறில்லை. எழுதப்படாத பக்கங்களை நினைவில் வைத்து வாசித்தால் போதும்.

இனி வம்சம். மார்ஷல் 1189இல், நாற்பதைத் தாண்டிய பிறகு, இசபெல் டி கிளேர் என்ற இளம்பெண்ணை மணந்தார். அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி அவள் கொண்டுவந்தது. அவளுடைய தாய் ஈஃபா அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னன் மகள். அந்த வழியாகத்தான் லென்ஸ்டரின் நிலம் மார்ஷலிடம் வந்தது. ஐந்து ஆண், ஐந்து பெண். மூத்தவன் வில்லியம் 1231இல் இறந்தான். ரிச்சர்ட் 1234இல். கில்பர்ட் 1241இல் பந்தயப் போரில் குதிரையிலிருந்து விழுந்து. வால்டரும் அன்செல்மும் 1245இல், ஒருவர் பின் ஒருவராக. ஐவருக்கும் வாரிசு இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த அயர்லாந்து பிஷப் ஒருவர் இட்ட சாபம் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். தந்தை வழி மட்டும் எண்ணினால் அந்த வீடு தலைவன் செத்து 26 ஆண்டுகளில் அழிந்துவிட்டது.

பெண்கள் வழி வேறு கதை சொல்கிறது. சொத்து ஐந்து மகள்களுக்குப் பிரிந்தது. சிபிலின் பங்கு அவளுடைய ஏழு மகள்களுக்கு மேலும் ஏழாகப் பிரிந்தது. மார்ஷல் பதவிகூட மூத்த மகள் மாட் வழியாகப் பிகொட் குடும்பத்துக்குப் போனது. இசபெல் என்ற மகளின் மகளுக்குப் பேரனாகப் பிறந்தவன்தான் ஸ்கொட்லாந்தை ஆண்ட ராபர்ட் புரூஸ். அந்த ரத்தம் இங்கிலாந்தின் அரச குடும்பத்துக்குள்ளும் பெண்கள் மூலமாகவே புகுந்தது.

தொண்டமான் வீட்டில் தொடர்ச்சி முழுக்க ஆண் வழி. மகன் இராமநாதன், பேரன் ஆறுமுகன், பூட்டப்பிள்ளை ஜீவன். 2020 மே மாதம் ஆறுமுகன் காலமானார். அதே ஆண்டு ஓகஸ்டில் ஜீவன் பாராளுமன்றம் போனார். இங்கே நிலம் பிரிக்கப்படவில்லை, வாக்குதான் கைமாறியது. சங்கமும் தொகுதியும் ஒரே வீட்டில் நிற்பது ஒரு சமூகத்துக்கு நல்லதா என்று தோட்டத்து இளைஞர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மகள்களும் பேத்திகளும் அந்த வரிசையில் எங்கே என்பது என் கேள்வி. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண்களின் சந்தாவில் எழும்பிய சங்கம் அல்லவா அது?

இதே ஆண் வழிதான் நம் சனங்களின் கழுத்தைப் பிடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடம் கேட்டது இது: உன் தகப்பன் இங்கே பிறந்தவரா? இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? மணவுறவில் பிறந்தவருக்குத் தாய் வழி கணக்கில் இல்லை. லயக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? செக்ரோலில் பெயர் இருந்தது, அதுவும் சம்பளம் போடுவதற்காக. இங்கிலாந்தை ஆண்ட வில்லியம் மார்ஷலாலேயே தன் பூட்டனுக்கு ஏடு காட்ட முடிந்திராது. பதிவு செய்து பிரஜாவுரிமை பெற வழி சொன்ன 1949இன் சட்டப்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. 1947இல் ஏழு ஆசனங்கள் வென்ற, தொண்டமானின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 1952இல் ஒன்றும் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களை இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கு பிரித்தது, சிபிலின் மகள்களுக்கு வயல் பிரித்ததைப் போல. சரியாக 35 ஆண்டு கழித்து, அதே ஒக்டோபர் 30இல், தொண்டமான் கண்மூடினார். 2003இன் சட்டம், அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்தது. அதே ஆண்டுதான் நாடு முழுவதற்கும் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று இன்னொரு திருத்தம் வந்தது.

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்று மடிந்து கிடந்தது. பூட்டன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அப்பா வழியில் தாத்தாவுக்கு மேலே இன்றுவரை எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அம்மா வழியில் தெரியும். அம்மாயி பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். எந்தக் குழந்தை எந்த லயத்தில் யார் வயிற்றில் பிறந்தது, அதன் அம்மாயி எந்தத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எந்த நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது வலி கண்டது என்று எண்பது வயதிலும் பிசகாமல் சொல்வார். நாற்பது வீட்டுக் கணக்கு அவரிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். வீட்டுக்கு ஒரு பக்கம், அம்மா பெயர் மேலே, அவளுடைய அம்மா பெயர் அதற்கும் மேலே.