தண்டனை

தண்டம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் கோல், தடி. அடிக்கும் கோலே அடிக்கும் பெயராகி, அபராதத்துக்கும் ஆகி வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் ‘தெண்டம் கட்டு’ என்பது இதுதான். வீணானதைத் ‘தண்டம்’ என்கிறோம். வேலை செய்யாதவருக்குத் ‘தண்டச்சோறு’ என்ற ஏச்சு உண்டு. கோல்போல நெடுக விழுந்து வணங்குவதே தெண்டனிடுதல். பணிவுக்கும் அடிக்கும் ஒரே வேர்!

தமிழின் பழைய சொல் ஒறுத்தல். குறளும் இதை ஆள்கிறது. தன்னையே அடக்கி வருத்துவதும் ஒறுத்தல்தான். தவக்காலத்தில் கத்தோலிக்கர் ‘ஒறுத்தல் முயற்சி’ என்பது அந்தப் பொருளில். அடக்கித் திருத்துதல் என்ற குறிப்பு இதில் இருப்பதால், எனக்கு இச்சொல்லே உயர்ந்ததாகப் படுகிறது.

கசையடி இந்தியச் சட்டத்திலிருந்து 1955-இல் நீங்கியது. கோல் போனாலும் அதன் நினைப்பு போகவில்லை. போதைப்பொருள் விவாதம் எழும்போதெல்லாம், விற்றவரையும் பழக்கத்தில் சிக்கியவரையும் ஒரே தடியால் அடிக்கச் சொல்லும் குரலே ஓங்குகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமோ இருவரையும் பிரித்தே பார்க்கிறது. சிறிய அளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய அடிமைநோயாளி தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64அ பிரிவு வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையும் தண்டனையாக்கியுள்ளது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பது அவற்றில் ஒன்று.