பேச்சில் இருக்கும் சிட்டுக்குருவி... வீட்டில் காணோமே, ஏன்?

‘சிட்டாப் பறந்துட்டான்’, ‘குருவி சேர்க்குற மாதிரி சேர்த்த காசு’, ‘குருவி தலையில பனங்காய்’ - நம்ம பேச்சில் அடிக்கடி வந்து போகும் பறவை சிட்டுக்குருவி. ஆனால், பல நகரங்களில் அதன் கீச்சொலி குறைந்துவிட்டது.

என்ன காரணம்?

மனிதர்களை ஒட்டியே வாழும் பறவை இது. ஓட்டு வீட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் கூடு கட்டும். கான்கிரீட் வீடுகளில் அந்த இடுக்குகள் இல்லை.

அடுத்தது உணவு. பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கோ புழு, பூச்சிதான் முக்கிய இரை. பூச்சிமருந்து அதிகமானால் குஞ்சு பட்டினிதான்.

குருவி இல்லைன்னா என்ன ஆகும்?

1958-ல் சீனா, தானியத்தைத் தின்கிறது என்று குருவிகளைக் கொன்று குவித்தது. பூச்சிகள் பெருகிப் பயிர்கள் நாசமாயின. 1960-ல் ஒழிப்புப் பட்டியலில் இருந்து குருவி நீக்கப்பட்டது.

நாம என்ன செய்யலாம்?

மார்ச் 20 உலக சிட்டுக்குருவிகள் தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். வெயில் படாத இடத்தில் ஒரு கூட்டுப்பெட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கலாம்.