மட்டை இழந்த எடையை யார் சுமப்பது?

திருவனந்தபுரம் டென்னிஸ் கிளப் 1938ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு வித்திட்டவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908 அக்டோபர் 13 அன்று பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த கோதவர்ம ராஜா. பின்னாளில் 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கழகத்தை அமைத்து அதன் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. அவருடைய பிறந்த நாளைக் கேரளம் இன்றும் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. கிளப் தோன்றுவதற்கு ஓராண்டு முன்பு, 1937 ஏப்ரல் 11 அன்று, அதே திருவிதாங்கூர் நாட்டின் தென்கோடியான நாகர்கோவிலில் இராமநாதன் கிருஷ்ணன் பிறந்தார்.

ஒருவர் ஆடுகளம் அமைத்தவர். மற்றவர் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். இருவர் காலத்திலும் ஆட்டக்காரர்களின் கையில் இருந்த கருவி ஒன்றுதான்: மரமட்டை. அதன் எடையை அறிந்தாலன்றி, இன்று கடைகளில் தொங்கும் எடை குறைந்த மட்டைகளைச் சீர்தூக்க இயலாது.

மரமட்டை நரம்புகளோடு சேர்த்து 370 முதல் 400 கிராம் வரை நிறுக்கும். இந்த எடை எவருடைய விருப்பத்தாலும் அமைந்ததன்று. ஒவ்வொரு நரம்பும் ஏறத்தாழ 25 கிலோ இழுவிசையில் கட்டப்படுகிறது. அத்தனை நரம்புகளும் சேர்ந்து சட்டத்தை உள்நோக்கி நெரிக்கின்றன. மெல்லிய மரச்சட்டம் அந்த நெருக்குதலில் முறிந்துவிடும். எனவே பல மரப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடிமனாக்கினர். தலைப்பகுதியையும் 65 முதல் 70 சதுர அங்குலத்துக்குள் அடக்கினர். எடையும் சிறிய தலையும் மரம் விதித்த கட்டளைகள்.

திருவனந்தபுரம் போன்ற ஊரில் மரம் மற்றொரு சிக்கலையும் தந்தது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் கடற்கரை நகரம் அது. ஈரக்காற்றில் மரச்சட்டம் கோணும். விலங்குக் குடலிலிருந்து செய்த நரம்பு நீரை உறிஞ்சித் தளரும். ஆட்டம் முடிந்ததும் நான்கு திருகுகள் கொண்ட மரச்சட்டத்துக்குள் மட்டையை இறுக்கி வைப்பது அக்கால ஆட்டக்காரர்களின் அன்றாடக் கடமை. அத்தகைய மட்டையை வாங்கவும் பேணவும் பொருள் வேண்டும். மணிக்கணக்கில் வீசத் தோள்வலிமையும் வேண்டும். முன்னதற்கு வழியற்றவர்களும் பின்னது இன்னும் வாய்க்காத சிறுவர் சிறுமியரும் களத்தின் விளிம்பிலேயே நின்றனர்.

ஆனால் அந்தக் கனத்துக்கு ஒரு கைம்மாறும் இருந்தது. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. மட்டையைப் பந்து தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஐந்து மில்லி வினாடி. அந்தக் கணத்தில் கனமான மட்டை எளிதில் பின்வாங்காது. எதிராளி அனுப்பிய வேகத்தையே பந்துக்குத் திருப்பித் தரும். கிருஷ்ணனின் ஆட்டம் இந்த இயல்போடு இயைந்தது. இடிபோன்ற சர்வ் அவரிடம் இல்லை. பந்து எழும்பும் கணத்திலேயே தொட்டு, அதை வேண்டிய இடத்தில் வைக்கும் நுட்பமே அவருடைய செல்வம். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960இல் அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை வென்று, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். பிறர் தரும் விசையைக் கடன் வாங்கி ஆடும் கலை அது. கடனைக் கரைக்காமல் வைத்திருக்கக் கனமான மட்டை உதவியது.

மரத்தின் ஆட்சிக்கு முதல் அறைகூவல் உலோகத்திடமிருந்து வந்தது. பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்த் வடிவமைத்த எஃகு மட்டையை வில்சன் நிறுவனம் 1967இல் டி2000 என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. எனினும் பெருந்திருப்பம் 1976இல்தான் நிகழ்ந்தது. உலோகப் பனிச்சறுக்குக் கட்டைகளால் பொருளீட்டிய அமெரிக்கப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட், ஓய்வுக்காலத்தில் டென்னிஸ் கற்கத் தொடங்கினார். பந்து நடுவில் படாதபோது மட்டை கைக்குள் திருகிக்கொள்வதை உணர்ந்தார். திருகலை எதிர்க்கும் ஆற்றல் அகலத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். அகலத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் எதிர்ப்பாற்றல் ஏறத்தாழ 44 விழுக்காடு கூடும். இந்த எளிய கணக்கிலிருந்து 110 சதுர அங்குலத் தலை கொண்ட பிரின்ஸ் அலுமினிய மட்டை பிறந்தது. முதலில் அதைக் கண்டு நகைத்தவர்கள் பலர். ஆனால் நடுவில் அடிக்க இயலாத எளிய ஆட்டக்காரர்களுக்கு அதுவே கதவைத் திறந்தது.

அடுத்து வந்தது கிராபைட். கரியிழைகளைப் பிசினில் பதித்துச் செய்த இச்சட்டம் மரத்தைவிட இலேசானது, அதைவிட விறைப்பானது. 1987இல் வில்சன் புரொஃபைல் வழி அகன்ற சட்டம் புகழ்பெற்றது. விறைப்பான சட்டம் அடியின்போது குறைவாகவே வளைவதால் வளைவில் வீணாகும் ஆற்றல் குறைகிறது. எடை குறைந்தும் விசை குறையாத விந்தை இப்படித்தான் கைகூடியது. நரம்பு பூட்டாத நிலையில் 250 முதல் 280 கிராம் மட்டுமே நிறுக்கும் மட்டைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே களத்தில் நிற்க முடிகிறதெனில் அது பெரிதும் இந்த இலேசால் விளைந்த பயன். இந்தச் சமநீதியைச் சிறுமைப்படுத்துவது வரலாற்றுப் பிழையாகும்.

சுழலின் கதை வேறு. எடை குறைந்த மட்டையை விரைவாக மேல்நோக்கி வீசலாம். பந்தின் மேற்சுழல் கூடும். ஆயினும் சுழலின் மெய்யான கருவி நரம்பே. 1977இல் ஜெர்மானியரான வெர்னர் ஃபிஷர் உருவாக்கிய இரட்டை அடுக்கு நரம்பு மட்டை இதை உலகுக்கு உணர்த்தியது. நரம்புகள் பக்கவாட்டில் நழுவி, மீண்டும் தெறித்துத் திரும்பியபோது பந்து கடுமையாகச் சுழன்றது. அம்மட்டையோடு ஆடிய நாஸ்டாசேயிடம் களிமண் தரையில் அசைக்க முடியாதவராக விளங்கிய வீலாஸ் ஆட்டத்தையே கைவிட்டார். உடனே தடை வந்தது. 1978இல்தான் மட்டை என்றால் எது என்பதற்கே விதி எழுதப்பட்டது. அதே தத்துவம் தடையற்ற வடிவில் மீண்டும் வந்தது. 1997இல் பாலியஸ்டர் நரம்போடு குயெர்ட்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். வழவழப்பான அந்நரம்பும் நழுவித் திரும்பும் இயல்புடையது.

இப்போது மூன்றாவது அளவுகோலான இதத்துக்கு வருவோம். மட்டை இழந்த எடைக்கு விலை கேட்கப்படும் இடம் இதுவே. இலேசான மட்டை பந்தின் மோதலில் அதிகம் பின்வாங்குகிறது; அந்த அதிர்ச்சியை மணிக்கட்டும் முழங்கையும் ஏற்கின்றன. விறைப்பான சட்டமும் விறைப்பான பாலியஸ்டர் நரம்பும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பாகிறது. மரமட்டை மெல்ல வளைந்து மெல்ல அதிரும். கிராபைட்டின் அதிர்வு அதைவிட விரைவானது, கூர்மையானது.

ஆனால் பழமையைப் பொன்னாக்கிப் பேசுவதும் தகாது. டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலியை ஆங்கில மருத்துவ இதழ்கள் 1880களிலேயே குறித்துவிட்டன. மரமட்டைகளே ஆண்ட காலம் அது. கனமான மட்டையைத் தாமதமாக வீசியவரின் முழங்கையும் நொந்தது. ஆக, வலிக்குக் காரணம் கனமோ இலேசோ தனித்து நின்று அன்று. ஆடுபவரின் உடலுக்கும் கருவிக்கும் இடையே ஏற்படும் பொருத்தமின்மையே.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டம் இதற்குச் சான்று. 1979இல் தந்தையைப் போலவே விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற அவர், விசையே அரசாண்ட கிராபைட் யுகத்தில் மென்மையான சர்வோடு ஆடினார். 1986இல் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். 1987இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு இந்தியாவை அழைத்துச் சென்றவர்களில் ஒருவரானார். 1989இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் அன்றைய முதல்நிலை வீரர் விலாந்தரை வென்றார். கருவி மாறியபோதும் தம் ஆட்டத்தின் இயல்பை அவர் கருவிக்கு ஒப்புக்கொடுக்கவில்லை.

இந்த வரலாறு ஒரு மதிப்பீட்டு முறையைக் கற்பிக்கிறது. கடையில் இருமுறை காற்றில் வீசிப் பார்ப்பவருக்கு இலேசான மட்டை எப்போதும் இனிமையாகவே தோன்றும். அது தேர்வன்று, மயக்கம். விசையை அறிய, தாமே ஓங்கி அடிப்பதைவிட எதிராளியின் வேகப்பந்தைத் தடுத்துப் பார்ப்பதே நேரிய சோதனை. கடன் வாங்கிய விசையை மட்டை காக்கிறதா கரைக்கிறதா என்பது அங்கே தெரியும். சுழலை அறிய, ஒரே மட்டையை இருவகை நரம்புகளோடு ஆட வேண்டும். இல்லையேல் நரம்பின் புகழ் சட்டத்துக்குச் சேர்ந்துவிடும். இதத்தை அறிய ஒரு மாலை போதாது. ஒரு வார ஆட்டத்துக்குப் பின், காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முழங்கை என்ன சொல்கிறது என்பதே தீர்ப்பு. பிள்ளைகளுக்கு மட்டை வாங்கும் பெற்றோர் இந்த மூன்றாவது சோதனையை மறத்தலாகாது. வளரும் மூட்டு தன் வலியை உடனே சொல்லாது.

கோதவர்ம ராஜா 1971இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவருடைய பெயரில் திருவனந்தபுரத்தில் விளையாட்டுப் பள்ளி நிற்கிறது. அவர் அறிந்த மட்டைகளில் ஏறத்தாழ நூறு கிராம் இன்று இல்லை. அந்த நூறு கிராம் பலருக்குக் களத்தின் கதவைத் திறந்தது. ஆராயாமல் தேர்ந்தவர்க்கு அது முழங்கையில் தங்கியது.